வேரில் ஒட்டிய மண்: எல்லை தாண்டும் பூங்கன்றுகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

வெளிநாட்டிலிருந்து பூங்கன்று எடுப்பது, இங்கிருந்து அனுப்புவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறீர்கள். அந்தக் கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பணமும் உயிருள்ள கன்றும் சேர்ந்து வீணாகும் விடயம் இது. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கனடாவில் இருக்கும் அக்கா கறிவேப்பிலைக் கன்று கேட்கிறா. நான் போகும்போது சிறிய சாடியோடு சூட்கேசில் வைத்துக் கொண்டுபோகலாமா? முடியாவிட்டால் விதை அனுப்பலாமா?
– வாசகி, கல்லடி

வைக்காதீர்கள் சகோதரி. வேர்ப்பிடித்த கன்று ஒன்று இங்கிருந்து கனடாவுக்குள் போக அந்த நாட்டின் இறக்குமதி அனுமதி வேண்டும், நமது நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். சாடியில் மண் இருந்தால் இந்த இரண்டும் கையில் இருந்தும் பயனில்லை. விமான நிலையத்திலேயே பறித்து அழித்துவிடுவார்கள்.

கறிவேப்பிலைக்கு இன்னொரு வில்லங்கமும் உண்டு. தேசி, தோடைக்கு அது நெருங்கிய உறவு. இளங்கொழுந்தில் எள்ளளவு சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று 45 பாகை சாய்வில் வாலைத் தூக்கிக்கொண்டு குந்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோடை மரங்களைக் கொல்லும் ‘பச்சையாதல்’ நோயை மரத்துக்கு மரம் காவுவது அதுதான். அமெரிக்காவின் புளோரிடாவில் 1998இல் இந்தப் பூச்சி கண்டறியப்பட்டது. இங்கே எட்டேரியா என்று வேலியோரம் வைக்கிறோமே, கறிவேப்பிலையின் அந்த மணப்பூ உறவுக்காரக் கன்று சாடிகளில் கடைக்குக் கடை விற்கப்பட்டபோது பூச்சியும் அதோடு மாநிலம் முழுக்கப் பரவியது. 2005இல் நோயும் வந்து சேர்ந்தது. அக்கா இருப்பது கனடா என்றாலும் அடுத்த வளவு அமெரிக்கா அல்லவா.

விதையும் சரிவராது. கறிவேப்பிலை விதை காய்ந்தால் செத்துவிடும். கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, தோலும் சதையும் போகக் கழுவி, சில நாட்களுக்குள் விதைத்தால்தான் முளைக்கும். தபாலில் இரண்டு மூன்று வாரம் கிடந்து போகும் விதையில் உயிர் மிஞ்சுவது அரிது. அங்கேயே வளர்த்து விற்கும் கன்றை அக்கா வாங்கட்டும். ஓர் அடி அகலச் சாடி போதும். இரவுக் குளிர் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் வீட்டுக்குள் எடுத்து, தெற்குப் பக்க யன்னலோரம் வைத்து, தண்ணீரைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றி வேரை அழுகவிடுவதுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும் பிழை.

தாய்லாந்து ஒட்டு அடீனியம் 50 கன்று எடுத்து இங்கே விற்க விரும்புகிறேன். விற்பவர் “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், காசை அனுப்புங்கள்” என்கிறார். நம்பலாமா? எப்படிச் சரியாகச் செய்வது?
– வாசகர், அக்கரைப்பற்று

காசை இப்போது அனுப்பாதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், இலங்கை தரவேண்டிய அனுமதியை தாய்லாந்தில் இருந்துகொண்டு அவரால் எடுக்க முடியாது.

இங்கே நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி முதலில் வாங்கவேண்டியது இறக்குமதி அனுமதிப்பத்திரம். விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள கட்டுநாயக்கத் தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தில், எல்லாரும் ‘பிளாண்ட் குவாரண்டைன்’ என்று சொல்லும் இடத்தில், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தாவரவியல் பெயர் (உங்களுக்கு ‘அடீனியம் ஒபீசம்’), எண்ணிக்கை, எந்த நாட்டிலிருந்து, எந்த வழியாக வருகிறது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். கடைப்பெயரையும் பூவின் நிறப்பெயரையும் எழுதி அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் எழுதியிருக்கும்: மண் இருக்கக்கூடாது, இன்ன பூச்சி நோய் இல்லை என்று அந்த நாடு உறுதி சொல்லவேண்டும், இன்ன மருந்தில் தோய்க்கவேண்டும் என்பதுபோல. அதன் பிரதியை விற்பவருக்கு அனுப்புங்கள். அவர் அதைத் தன் நாட்டு விவசாயத் திணைக்களத்தில் காட்டி, கன்றுகளைப் பரிசோதிக்கச் செய்து, தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வியாபாரிகள் இதைச் சுருக்கமாக ‘பைட்டோ’ என்பார்கள்.

சரக்கு ஏற்றுமுன் பைட்டோவின் படத்தை அனுப்பச் சொல்லி, அனுமதிப்பத்திரத்தை அருகில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அனுமதியில் 50 என்றிருக்க, விற்பவர் அன்பளிப்பாக 5 சேர்த்துப் பெட்டியில் வைத்துவிடுவார். அந்த ஐந்தால் முழுப் பெட்டியும் மாட்டும். அனுமதியில் கேட்ட உறுதிமொழி பைட்டோவில் இல்லாமல் இருக்கும். சான்றிதழ் ஒரு நாள் எடுத்ததாகவும் சரக்கு பல வாரம் கழித்து ஏறியதாகவும் இருக்கும். மூலப்பிரதி பெட்டியோடு வராமல் நிழற்படப் பிரதி மட்டும் வரும். இவற்றில் ஒன்று நடந்தாலும் சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது அழிப்பார்கள். செலவு உங்கள் தலையில். மரப்பெட்டியில் அனுப்புவதாகச் சொன்னால் மறுத்து, கார்ட்போட் பெட்டி கேளுங்கள். மரமானால் அதன் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்ததற்கான கோதுமைக்கதிர் முத்திரை பெட்டியில் வேண்டும். இன்னொரு தலையிடி எதற்கு?

அடீனியம் இந்தப் பயணத்துக்கு ஏற்ற கன்று. அடித்தண்டு தண்ணீரைச் சேமித்து வைத்திருப்பதால் மண்ணை உதறி, வேரைக் கழுவி, நிழலில் மூன்று நாலு நாள் உலர்த்தி, ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி அனுப்பலாம். ஒரு கிழமை பெட்டிக்குள் கிடந்தாலும் சாகாது. ஈரத்தோடு சுற்றினால்தான் சாகும். பெட்டியைத் திறந்தவுடன் அடித்தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் தளர்ந்திருந்தால் அது தாகம், பிறகு நிமிரும். ஓரிடம் மட்டும் பொதுபொதுவென்று அமுங்கி, புளித்த வாடை வந்தால் அழுகல். வெள்ளைச் சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் வெட்டி, பூசணநாசினித் தூளைத் தடவி, ஒரு கிழமை உலரவிடுங்கள்.

நடும் கலவைக்கு நம்மூர்ச் சரக்கே போதும்: நெல் ஆலை உமிக்கரி இரண்டு பங்கு, குறுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. உமிக்கரியில் காரம் இருப்பதால் முதலில் இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசுங்கள். காய்ந்த கலவையில் நட்டு, 7 நாள் கழித்தே முதல் தண்ணீர். நட்ட அன்றே ஊற்றினால் வெட்டுப்பட்ட வேர்நுனி வழியே அழுகல் ஏறும்.

மாதத்தையும் பார்த்து எடுங்கள். நமக்கு மாரி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை கொட்டும். அந்த ஈரத்தில் வேரில்லாத அடீனியம் பிழைப்பது கடினம். பெப்ரவரி கடைசி முதல் ஏப்ரலுக்குள் வந்து சேரும்படி திட்டமிடுங்கள். வந்த கன்றுகளை ஆறு கிழமைக்குப் பழைய கன்றுகளுக்கு அருகில் வைக்கவேண்டாம். வேரிலே பஞ்சுபோல ஒளிந்து வரும் மாவுப்பூச்சி அதற்குள் வெளியே தெரிந்துவிடும்.

வாப்பா சவூதியிலிருந்து வரும்போது நல்ல ஈத்தம் கன்று நாலு கொண்டுவரப் போவதாகச் சொல்கிறார். காத்தான்குடித் தெருவில் ஈத்தம் மரம் நன்றாக நிற்கிறதே, வீட்டிலும் வைக்கலாம்தானே?
– வாசகி, காத்தான்குடி

வீட்டில் தாராளமாக வைக்கலாம். சவூதியிலிருந்து கன்றைக் கையில் கொண்டுவருவதை வாப்பாவிடம் சொல்லி நிறுத்துங்கள். ஈத்தம், அதாவது பேரீச்சை, தென்னையின் குடும்பம். அதைத் தொடுவதெல்லாம் தென்னையையும் தொடும். காத்தான்குடியிலிருந்து களுவாஞ்சிக்குடிவரை தென்னை நிற்கும் கரையோரத்தில் இதில் விளையாட்டுக் கூடாது.

மரத்தின் நடுவைக் குடைந்து உண்ணும் செவ்வண்டு நம் தெற்காசியப் பூச்சி. 1980களின் நடுவில் அது வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு பேரீச்சைக் கன்று விற்றவர்களே அதை நாடு நாடாகக் காவினார்கள். தாய்மரத்தின் அடியில் கிளைக்கும் அடிக்கன்றின் உள்ளே புழு இருந்தால் வெளியில் ஒரு துளையும் தெரியாமல் இருக்கலாம். இன்னொன்று: 2006இல் வெலிகமப் பக்கத்தில் தென்னை ஓலை வாடல் நோய் கண்டறியப்பட்ட பிறகு, அந்தப் பகுதியிலிருந்து பனை, தென்னைக் குடும்பக் கன்றுகளை வெளியே எடுக்கவே கட்டுப்பாடு வந்தது. நாட்டுக்குள்ளேயே நிலைமை இப்படி இருக்க, கடல் கடந்து வரும் கன்றுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

பழத்தைக் கொண்டுவரட்டும். கொட்டையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணலில் புதைத்தால் முளைக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கொட்டை மரம் தாயின் குணத்தோடு வராது, பாதிக்குப் பாதி ஆண் மரமாகும். நிழலுக்கும் அழகுக்கும் அது போதும். நல்ல பழம்தான் வேண்டுமென்றால் அனுமதியோடு இறக்கிய திசுவளர்ப்புக் கன்றை உள்ளூரில் தேடுங்கள்.

எங்கள் பெண்கள் குழுவில் 14 பேர். இலை அழகுக் கன்றுகள் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் உண்டு. டிரசீனா இலைநுனி கருகுகிறது. என்ன செய்யலாம்?
– குழுத் தலைவி, களுவாஞ்சிக்குடிப் பக்கம்

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறோம். டிரசீனா, அக்லோனீமா, கோர்டிலைன் போன்ற இலைக் கன்றுகளுக்குக் கம்பஹா, கேகாலைப் பக்க ஈரமும் மப்பும்தான் இடம். கச்சான் காற்றும் உப்புக் கிணறும் உள்ள நமது கரையில் அவற்றோடு மல்லுக்கட்டினால் உழைப்பில் பாதி வீண். மருள், அடீனியம், கடதாசிப்பூ, அரளியா போன்றவை நம் வெயிலை விரும்புபவை. அவற்றில் தொடங்குங்கள். இருக்கும் டிரசீனாவைச் சின்ன அளவில் வைத்திருங்கள்.

இலைநுனி கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் உப்பு. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தண்ணீரின் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள்; உப்புக் கூடக் கூட அதுவும் கூடும். மீற்றருக்கு 0.75 டெசிசீமன்சுக்குக் கீழே என்றால் கவலையில்லை. 1.5ஐத் தாண்டினால் டிரசீனா தாங்காது. சுப்பர் பொஸ்பேற்றுப் பசளை போட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். அதிலுள்ள புளோரைட்டும் டிரசீனாவின் நுனியைக் கருக்கும். மழைநீர் சேமிப்பதென்றால் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 1000 லீற்றர். 500 சாடிக்கு நாளுக்கு 200 மில்லிலீற்றர் வீதம் ஊற்றினால் அது பத்து நாளைக்குத்தான் வரும். ஆகவே கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலப்பதே நடைமுறை.

தும்புச்சோற்றிலும் உப்பு உண்டு. 5 கிலோ கட்டியை ஊறவைத்து, வடியவிட்டு, மழைநீரில் மூன்று தடவை அலசுங்கள். பிறகு சுமார் 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் மறுபடி அலசுங்கள். தும்பு பிடித்து வைத்திருக்கும் சோடியத்தை கல்சியம் தள்ளி வெளியேற்றும். வெறும் அலசலில் அது முழுதாகப் போகாது.

அடுத்தது வேர். ஏற்றுமதியில் கன்று திரும்பி வருவதற்கு நாங்கள் கண்டவரை முதல் காரணம் வேரைத் தாக்கும் நுண்ணிய வட்டப்புழு. அதனால் சாடிகள் நிலத்தைத் தொடக்கூடாது. ஒன்றரை முதல் இரண்டு அடி உயர மேசையில் வையுங்கள். தோட்டத்து மண்ணை ஒரு பிடிகூடக் கலக்கவேண்டாம்.

கழுவுவதற்கு மூன்று பாத்திரம் வேண்டும். முதலாவதில் கன்றை 20 நிமிடம் ஊறவைத்தால் தும்பு தானாகக் கழன்று விழும். இரண்டாவதில் பிடித்துக்கொண்டு, பழைய மென்மையான தூரிகையால் வேரை மேலிருந்து கீழாக நீவுங்கள். வேர்கள் பிரியும் கவட்டில்தான் அழுக்கு நிற்கும். மூன்றாவதில் சுத்தத் தண்ணீர். அதில் அடியில் மணல் தெரிந்தால் இரண்டாவதுக்கே திரும்புங்கள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வேரில் பாசிமணி கோத்ததுபோலப் புடைப்பு இருந்தால், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கழன்று வராமல் வேரோடு வேராக இருந்தால் அதை நெடுக்காகப் பிளந்து, பத்து மடங்கு வில்லையில் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய, முத்துப்போல வெள்ளை உருண்டை ஒன்று உள்ளே பளிச்சிடும். அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் பெண். அந்தக் கன்றையும் அதோடு ஒரே மேசையில் நின்றவற்றையும் பெட்டிக்குள் வைக்கவேண்டாம். மருந்தில் தோய்த்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாங்குபவர் நாட்டில் ஒரு வேரைப் பிளந்து பார்த்தால் உங்கள் பெயர் மட்டுமல்ல, பரிசோதித்துக் கையெழுத்திட்ட நமது அதிகாரியின் பெயரும் கெடும்.

பெட்டியில் டிரசீனா வகைகளை 12 பாகைக்குக் கீழே குளிரவிடக்கூடாது. குளிர் பட்ட இலை அன்றைக்கு நன்றாக இருக்கும், நாலு நாளில் கறுக்கும். கடைசியாகக் காலம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் பைட்டோ எடுத்த 14 நாளுக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும்.

14 பேர் சேர்ந்து நேரடியாக ஏற்றுமதியில் இறங்குவதைவிட, முதல் இரண்டு வருடம் ஏற்கெனவே பதிவுள்ள ஏற்றுமதியாளர் ஒருவருக்கு மருளும் அடீனியமும் வளர்த்துக் கொடுங்கள். அளவு, நிறம், கழுவல் என்று அவர் எதைக் கழித்துத் திருப்பி அனுப்புகிறார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தப் பயிற்சியையும்விட அந்தக் கொப்பி உங்களுக்கு உதவும்.

சுவிஸில் இருக்கும் சித்தி தக்காளி, பெற்றூனியா விதைகள் கடித உறையில் அனுப்புவா. விதைக்கும் இதெல்லாம் வேண்டுமா?
– மாணவி, வாழைச்சேனை

வேண்டும். விதையும் தாவரம்தான். தக்காளியில் பழத்தைச் சொரசொரப்பாக்கிப் பழுப்பாக்கும் வைரசு ஒன்று உண்டு. 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் யோர்தானிலும் தென்பட்டு, விதையோடும் நாற்றோடும் பல நாடுகளுக்குப் போய்விட்டது. விதையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத் தோட்டக்காரரின் மரக்கறிப் பாத்திக்கு அது வந்தால் வேரோடு பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சித்தியிடம் சொல்லி நிறுத்துங்கள். இங்கே பதிவுபெற்ற விதைக் கடையில் பெற்றூனியா கிடைக்கும்.

மறுபக்கமும் அப்படியே. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் ஏறக்குறைய எல்லாத் தாவரப் பொருளுக்கும் பைட்டோ வேண்டும். விலக்குப் பெற்ற பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன். அமெரிக்காவில் உறவினர் இருந்தால் ஒரு வசதி உண்டு. அவர் அங்கே ‘சிறு அளவு விதை’ அனுமதி எடுத்தால், தடையில்லாத வகைகளில் ஒரு பொட்டலத்துக்கு 50 விதை அல்லது 10 கிராம் வீதம், ஒரு தடவைக்கு 50 பொட்டலம்வரை பைட்டோ இல்லாமல் அனுப்பலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் தாவரவியல் பெயர் இருக்கவேண்டும்.

லாகுகலைப் பக்கக் காட்டில் மரத்தில் நிற்கும் ஓர்கிட்டை எடுத்துத் தந்தால் வெளிநாட்டவர் ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். இது குற்றமா?
– வாசகர், பொத்துவில்

குற்றம். காட்டில் எடுப்பதே பிழை. நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது அதைவிடப் பெரிய பிழை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதில் சேர்ந்தது. ஓர்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியலில் இருக்கிறது. கள்ளி வகைகளும் சைக்கசும் அப்படியே. வனவிலங்கு திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் போகாது. காட்டில் பிடுங்கியதற்கு அந்த அனுமதியை எதிர்பார்க்கவும் வேண்டாம்.

மரத்தில் வருடக்கணக்காகப் பற்றிப் படர்ந்த வேரைப் பிய்த்தால் அந்த ஓர்கிட் பெரும்பாலும் சாகும் என்பதையும் நினையுங்கள். ஓர்கிட்டில் உழைக்க ஆசையென்றால் ஆய்வுகூடப் போத்தல் நாற்றில் தொடங்குங்கள். போத்தலிலிருந்து எடுத்த நாற்றை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அலசி, நாற்று வளர்ந்த, வேரில் ஒட்டியிருக்கும் ஏகார் கூழ் ஒரு துளியும் இல்லாமல் போக்க வேண்டும். மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடித்து மூன்று நாளில் நாற்று சரியும். பிறகு கரித்துண்டில் நெருக்கமாக நட்டு, 70 சதவீத நிழல் வலைக்குள் வையுங்கள்.

வீட்டு முன்றல் குளத்துக்கு வெளிநாட்டு நீர்ச்செடிகள் விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கல்முனை

பெயர் தெரியாததை வாங்கவேண்டாம். வாவியை மூடிக் கிடக்கும் ஆற்றுவாழை 1905இல் ஊதாப்பூ அழகுக்காக இலங்கைக்கு வந்த செடி. நாலே வருடத்தில், 1909இல், அதைத் தடுக்கவே தனியாக ஒரு சட்டம் போடவேண்டி வந்தது. இன்றும் மீன்பிடி வள்ளங்கள் அதற்குள் சிக்குகின்றன. நமது அல்லியும் தாமரையும் உங்கள் குளத்துக்குப் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களானால், மிஞ்சும் செடியை வாய்க்காலிலோ வடிகானிலோ கொட்டாதீர்கள். ஒரு முளைத்துண்டு மாரி வெள்ளத்தோடு வாவிக்குப் போனால் போதும். கரையில் பரப்பி, சருகாகும்வரை வெயிலில் காயவைத்து, அதன் பிறகே கூட்டெருக் குவியலில் போடுங்கள்.